மூணரைக்கு எழுப்பி உடு

மூணரைக்கு எழுப்பி உடும்மா என்று சொன்ன மகி, சொல்லி வாய் மூடுவதற்குள் தூங்கிப்போனாள். பதினேழு வயசில் தூக்கம் அப்படித்தான் வரும், வாசலிலேயே காத்துக்கொண்டிருந்த மாதிரி. சுகந்தி கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ரெண்டு ஆக இன்னும் நாலு நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாமக்கல் வெயில், தெருவில் ஒரு நாய்கூட இல்லை. நாலு மணிக்கு மையத்தில் இருக்க வேண்டும். பரமத்தி ரோட்டில் இருக்கிறது, ஸ்கூட்டியில் போனால் கால் மணி நேரம். அங்கே போய் இவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், மகியின் காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்றை வைத்துத் தைத்து அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். நாற்பத்தைந்து நாளில் தூக்கம் உடம்பை விட்டுப் போய்விடும். போனால் போனதுதான், திரும்பி வராது. ஊரில் இதற்குத் தூக்கம் எடுக்கிறது என்று பேர். பல் எடுக்கிறது, கர்ப்பப்பை எடுக்கிறது என்கிறோமே, அந்த வரிசையில் இதுவும். மையத்துக்காரர்கள் நீளமாக வேறொரு பேர் வைத்திருந்தார்கள், அது யார் வாயிலும் நிற்கவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட, தூக்கம் எடுத்தாச்சுங்களா என்றுதான் விசாரித்துக்கொள்கிறார்கள். சுகந்தி எடுத்து நாலு வருஷம் ஆகிறது.

கடைசித் தூக்கம்மா, ஆசை தீரத் தூங்கிக்கறேன் என்று படுக்கும்போது சிரித்தாள் பாவி மகள். அது என்ன பேச்சு, வாயைக் கழுவு என்று சுகந்தி அதட்டினாள். அதட்டிவிட்டு மகியின் முகத்தைப் பார்த்தாள், அதற்குள் அவளுக்குக் கண் செருகிவிட்டது. இப்போது வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கீழுதட்டில் எச்சில் கோடு, கன்னத்தில் பாய் விரித்த மாதிரி தலையணை உறையின் மடிப்பு. ஒரு கால் போர்வைக்கு வெளியே. அந்தக் கால் கட்டைவிரல் அப்படியே அவங்கப்பன் விரல், நுனி தட்டையாக, நகம் குறுக்கே அகன்று. பூபதி விரல். சுகந்தி அந்த விரலிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டு ஃபேனைப் பார்த்தாள். ஃபேன் மூன்று சுற்றுக்கு ஒருமுறை கடக் என்றது. அதே ஃபேன். ஆறு வருஷமாக அதைச் சரி பண்ண வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறாள், நேரம் இல்லை என்று சொல்ல முடியாது, இருபத்திநாலு மணி நேரமும் முழித்துக்கொண்டிருக்கிறவளுக்கு நேரம் இல்லை என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். இருந்தும் செய்யவில்லை. அந்த ஃபேனுக்குக் கீழேதான் பூபதி கடைசியாகப் படுத்தார். நாலு மணிக்கு எழுப்பி உடு சுகந்தி என்று சொல்லிவிட்டு. வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மகி சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லையே. ஒரு மாசமாக இந்த வீட்டில் அதே பேச்சுதான், ஒவ்வொரு தடவையும் அவள்தான் ஜெயிக்கிறாள். கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போட்டுக்கறோம், அதைத் தப்புன்னு யாராச்சும் சொல்றாங்களா என்று ஆரம்பிப்பாள். கண்ணாடியைக் கழட்டி வெச்சிரலாம் கண்ணு என்பாள் சுகந்தி. தடுப்பூசியைக் கழட்ட முடியுமா, பிறந்த அன்னிக்கே போட்டு விட்டியே, என்னைக் கேட்டா போட்டே என்பாள். அது நோய்க்குப் போடுறது, தூக்கம் நோயா என்று சுகந்தி கேட்டதற்கு, எங்க வகுப்புல அது நோய்தான்ம்மா என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். அதில் தூங்குகிறவர்கள் இப்போது மூன்று பேர். பள்ளிக்கூடத்தில் ராத்திரி பத்திலிருந்து நாலு வரைக்கும் தனி வகுப்பு போட்டிருக்கிறார்கள், அதில் இந்த மூன்று பேரும் கிடையாது. காலையில் இவர்கள் போகும்போது மற்றவர்கள் அடுத்த பாடத்தில் இருப்பார்கள். மூணு பேரோட பேர்கூட மறந்துபோச்சு, தூங்குற செக்ஷன் எந்திரி என்றுதான் வாத்தியார் கூப்பிடுகிறாராம். பெற்றோர் கூட்டத்தில் பள்ளிக்கூடத்து முதலாளி மைக்கைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, அது உங்கள் இஷ்டம், ஆனால் உங்கள் பிள்ளை யாரோடு ஓடுகிறது என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள் என்று சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் எல்லாம் திரும்பிச் சுகந்தியைப் பார்த்தார்கள். நீயே எடுத்துக்கிட்டவ, பெத்த பிள்ளைக்கு மட்டும் மாட்டேங்கறியே, இது எந்த ஊர் நியாயம் என்ற பார்வை. நியாயமான பார்வைதான். பரீட்சைக்கு நாலு மாசம். மையத்தில் இன்றைக்கு விட்டால் அடுத்த இடம் பரீட்சை முடிந்த பிறகுதான். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற பெண். எந்த வருஷம் சொல்ல ஆரம்பித்தாள் என்பது சுகந்திக்கு நன்றாகத் தெரியும். அப்பா இறந்த வருஷம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வரைக்கும் உசிர் இருந்தது என்று யாரோ சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்ட நாளிலிருந்து.

ரெண்டே கால். மகி புரண்டு படுத்தாள், போர்வை நழுவியது, சுகந்தி எழுந்து இழுத்துவிட்டாள். தூங்குகிற பிள்ளை தனியாக ஒரு வாசனை அடிக்கும், வியர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்து, கொஞ்சம் பால் வாசனையும். முழித்திருக்கும்போது அது வராது. பண்ணையில் கோழிகளும் அப்படித்தான், இருட்டில் ஷெட்டுக்குள் நுழைந்தால் வாசனையே வேறு. சுகந்தி வேலை பார்க்கிற கோழிப் பண்ணையில் அவள் பொறுப்பே வெளிச்சம்தான். விடிகாலை நாலு மணிக்கு விளக்கைப் போட வேண்டும், ராத்திரி எட்டு மணிக்கு அணைக்க வேண்டும். பதினாறு மணி நேரம் வெளிச்சம் இருந்தால்தான் கோழி ஒழுங்காக முட்டை வைக்கும். அதெல்லாம் டைமர் பார்த்துக்கொள்ளும், டைமரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்த ஆள் சுகந்தி. மூணு வருஷத்துக்கு முன்னால் ஐந்தாம் நம்பர் ஷெட்டில் டைமர் சிக்கிக்கொண்டது. தூக்கம் இல்லாத புதுசு, ஒரே ஆள் ஆறு ஷெட் பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தாள், அதில் அது கண்ணில் படாமல் போய்விட்டது. ஒன்பது நாள் விளக்கு அணையவே இல்லை. முதல் நாலு நாள் முட்டை அதிகமாகவே விழுந்தது. ஐந்தாம் நம்பர் ஷெட் என்னமா வைக்குது பாரு என்று எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். அப்புறம் ஒரு காலையில் உள்ளே போனபோது ஒன்றை ஒன்று கொத்திக் கிழித்து வைத்திருந்தன. முதுகில் சிறகே இல்லை. ஒன்றுகூடக் கத்தவில்லை, எல்லாம் நின்றுகொண்டே இருந்தன. பண்ணைக்காரர் வந்து பார்த்துவிட்டு அவளைத் திட்டக்கூட இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார், கோழிக்கே எட்டு மணி நேரம் இருட்டு வேணும் சுகந்தி, இது உனக்குத் தெரியாதா என்று. சொன்னவர்தான் அதற்கு ஒரு வருஷம் முன்னால் தன் செலவில் வேன் வைத்துப் பண்ணையில் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரையும் மையத்துக்கு அனுப்பினவர். நல்ல மனுஷர்தான். அந்த ரெண்டையும் அவர் ஒரே மனசில் எப்படி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று சுகந்தி அன்றைக்கு யோசித்தாள். இன்றைக்கும் யோசிக்கிறாள்.

சும்மா சொல்லக்கூடாது, எடுத்ததில் லாபம் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். உடம்பு அசதி என்பதே இல்லை. தினமும் நாற்பது நிமிஷம் கண்ணை மூடிச் சும்மா சாய்ந்திருந்தால் போதும், உள்ளே அந்தப் புளியங்கொட்டை ஏதோ பண்ணிக்கொள்கிறது, எழுந்தால் குளித்துவிட்டு வந்த தெளிச்சி. தையல் கற்றுக்கொண்டாள். கம்ப்யூட்டரில் பண்ணை வேலையெல்லாம் பார்க்கிறாள். மகியோடு உட்கார்ந்து உயிரியல் புத்தகம் பாதி படித்துவிட்டாள், பத்தாவதில் ஃபெயிலான சுகந்தி. எல்லாம் சரிதான். என்ன, நாள் முடிய மாட்டேன் என்கிறது. அதை மகிக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நாலு வருஷமாக ஒரே நாளில் இருக்கிறேன் கண்ணு என்று ஒருமுறை சொன்னாள், கவிதை எழுத ஆரம்பிச்சிட்டியா என்று அவள் கேலி பண்ணினாள். கவிதை என்ன கவிதை. முன்னெல்லாம் யாரோடாவது சண்டை போட்டால், தூங்கி எழுந்தால் பாதி ஆறியிருக்கும். ஏன் போட்டோம் என்றே மறந்திருக்கும். இப்போது நாத்தனார் நாலு வருஷத்துக்கு முன்னால் சொன்ன ஒரு சொல் இந்த நிமிஷம் சொன்ன சூட்டோடு இருக்கிறது, அதைக் கீழே இறக்கி வைக்க ஒரு இடம் இல்லை. இன்னொன்றும் உண்டு. அது இதைவிடப் பெரிசு. பூபதி போன பிறகு ரெண்டு வருஷம் சுகந்தி தூங்கினாள் அல்லவா, அந்த ரெண்டு வருஷமும் காலையில் கண்ணைத் திறந்ததும் ரெண்டு நொடி, ரெண்டே ரெண்டு நொடி, அவர் உயிரோடு இருப்பார். ஃபேனைப் பார்ப்பாள், வெளிச்சத்தைப் பார்ப்பாள், இன்னும் ஞாபகம் வந்திருக்காது. பக்கத்தில் கை போகும். அப்புறம் வந்துவிடும். அந்த ரெண்டு நொடியை அவள் அப்போது வெறுத்தாள், தினமும் புதுசாகச் சாகிறாரே என்று. இப்போது அது இல்லை. நாலு வருஷமாக அவர் ஒரு நொடிகூட உயிரோடு இல்லை.

ரெண்டு முப்பத்தைந்து. மகியின் இமைக்குக் கீழே கருவிழி ஓடுகிறது. இடப்பக்கம், வலப்பக்கம், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்கிற மாதிரி. கனா காண்கிறாள். சுகந்தி குனிந்து கிட்டத்தில் பார்த்தாள். உள்ளே யார் இருக்கிறார்கள்? அவர் இருக்கிறாரா? அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம், பூபதி வீட்டு வழக்கம். செத்தவர்கள் கனவில் வந்து எதையாவது கேட்பார்கள், கேட்டதை வாங்கி அமாவாசைக்குப் படைத்துவிட வேண்டும். மாமனார் போன ஆறாம் மாசம் பூபதி கனவில் வந்து புதுச் செருப்பு கேட்டார், வாங்கி வைத்துக் கும்பிட்டுவிட்டு ஒரு பெரியவருக்குக் கொடுத்தார்கள். அப்படித்தான் பூபதியும் வருவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். சுகந்தி கனவில் அவர் வரவே இல்லை. ரெண்டு வருஷம், ஒரு தடவைகூட இல்லை. யார் யாரோ வந்தார்கள், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள் வந்தாள், முட்டை வண்டி வந்தது, அவர் வரவில்லை. கோபம் என்று அவளுக்குப் புரிந்தது. ஏன் கோபம் என்பதும் தெரியும், அவளுக்கு மட்டும்தான் தெரியும். பண்ணையில் வேன் வந்து நின்றபோது முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். வராத மனுஷனுக்காக எதற்குத் தூங்க வேண்டும், போ. வீம்பு. சுத்த வீம்பு. ஏறினவள் இறங்கின பிறகுதான், இனிமேல் அவர் கோபம் ஆறி வந்தாலும் வர வழியில்லாமல் பண்ணிவிட்டோமே என்று உறைத்தது. நாத்தனாரும் எடுத்துவிட்டாள், அவள் வீட்டுக்காரரும் எடுத்துவிட்டார். அந்தக் குடும்பத்தில் தூங்குகிற ஆள் இப்போது ஒரே ஒருத்திதான்.

அதனால் ஒவ்வொரு அமாவாசைக்கும் முன்னால், அப்பா வந்தாரா கண்ணு என்று மகியைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. முதலில் இல்லை இல்லை என்றாள். பதிமூணு வயசில் ஒருநாள், வந்தாரும்மா, பரோட்டா கேட்டார் என்றாள். சுகந்தி அன்றைக்கு அழுத அழுகை கொஞ்சமா. அடுத்து ஐஸ்கிரீம் கேட்டார். கல்கண்டுப் பொங்கல் கேட்டார். போன ஆவணியில் எறால் வறுவல் கேட்டார். மார்க்கெட்டில் எறாலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நாலு அடி நடந்த பிறகுதான் அது மண்டையில் இறங்கியது. பூபதிக்கு எறால் ஆகாது. ஒன்று வாயில் வைத்தால் உதடு தடித்துப்போகும், கல்யாணமான புதுசில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் வீட்டு விருந்தில் தின்றுவிட்டு ராத்திரியே ஊசி போட்டுக்கொண்டு வந்தார். எறால் மகிக்குத்தான் பிடிக்கும். பரோட்டாவும் ஐஸ்கிரீமும் யாருக்குப் பிடிக்கும் என்று அப்போதுதான் சுகந்தி வரிசையாக நினைத்துப் பார்த்தாள், அங்கேயே கறிக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது, அப்புறம் சிரிப்பும் இல்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்பதற்காக அந்தப் பிள்ளை அப்பாவைத் தயார் பண்ணிக் கொடுத்திருக்கிறது, பாவம். வீட்டுக்கு வந்து எறாலை உரித்து, மசாலா போட்டு வறுத்து, பூபதி படத்துக்கு முன்னால் இலை போட்டு வைத்தாள். காக்காய் கொத்தியது. மிச்சத்தை மகி வழித்துச் சாப்பிட்டாள். நல்லா இருந்துச்சா என்று கேட்டாள் சுகந்தி, அப்பாவுக்குப் பிடிச்சிருக்கும்மா என்றாள் மகி. அதற்கடுத்த அமாவாசைக்கும் இவள் கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அப்போ எதற்காகத்தான் இந்தப் பெண்ணைத் தூங்க வைத்துக் காவல் காக்கிறாய் சொல்லு. அவளுக்காகவா, உனக்காகவா. அவளுக்காக என்றால் அவள்தான் வேண்டாம் என்கிறாளே. உனக்காக என்றால் அவர் வரவில்லை என்பது உனக்கே தெரியுமே. மூணு மணி ஆகப் போகிறது, இன்னும் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று சுகந்திக்குத் தன்மேல் எரிச்சல் வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். மையத்துக்குக் கொண்டுபோக வேண்டிய காகிதங்கள் மேசைமேல் கவருக்குள் இருந்தன, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மகி பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தாள், அம்மா இடம் மாறிப் போட்டுவிடக் கூடாது என்று. எவ்வளவு ஆசை பார். போட்டுவிடு. எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், யார் செத்தார்கள்? தூங்கினவர்தானே செத்தார். போலீஸ்காரன் எழுதின காகிதத்தில் என்ன இருக்கிறது, ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்று இருக்கிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள், தூங்கிட்டானாம், ஒரு நிமிஷம் கண் அசந்துட்டானாம், நின்ற லாரியில் கொண்டுபோய் விட்டுட்டானாம். முட்டை லோடு ஏற்றிக்கொண்டு போகும்போது, பாலக்காடு தாண்டி. ரோடு முழுக்க முட்டை, கால் வைக்க இடம் இல்லை என்றான் பார்த்துவிட்டு வந்தவன். ஆறு வருஷமாக எல்லாரும் தூக்கத்தின்மேலேயே பழி போட்டார்கள். சுகந்தியும் போட்டாள். சத்தமாகப் போட்டாள்.

நாலு மணிக்கு எழுப்பி உடு சுகந்தி என்றார். சரி, வந்துவிட்டது, இனி நிறுத்த முடியாது. ரெண்டு டிரிப் சேர்த்து ஓட்டிவிட்டுப் பதினொன்றரைக்கு வந்தார், குளித்தார், ரசம் சாதம் சாப்பிட்டார், பன்னிரண்டு மணிக்கு இந்தக் கட்டிலில் இந்த ஃபேனுக்குக் கீழே விழுந்தார். மத்தியானம் ஒன்றே முக்காலுக்குப் பண்ணைக்காரர் போன் பண்ணினார். அவர் போன் என்றால் இவள் நின்றுகொண்டுதான் பேசுவாள். வேற டிரைவர் வரலை, பூபதி இருக்கானா என்றார். படுத்திருக்காருங்க என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு. இதோ எழுப்பிடறேங்க. அவர் எழுப்பு என்றுகூடச் சொல்லவில்லை, இருக்கானா என்று மட்டும்தான் கேட்டார். இவளாகச் சொன்னாள். அந்த ங்க, அந்த மரியாதை, பெரியவர்கள் கேட்டதும் காரியம் ஆகிவிட வேண்டும் என்கிற அந்த வளர்ப்பு. பூபதியைக் கூப்பிட்டாள், எழவில்லை. கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டினாள். இன்னும் பத்து நிமிஷம்டி என்றார் கண்ணைத் திறக்காமல், குழந்தை கெஞ்சுகிற குரலில். சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து முகத்தில் தெளித்தாள். எந்திரிங்க, பெரியவர் காத்துட்டிருக்காரு என்றாள். அவர் எழுந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல், அவளைப் பார்த்தார். திட்டவில்லை. அந்தப் பார்வை மட்டும்தான். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். லோடு ஏற்றி முடித்து, ஏதோ சீட்டு வரவில்லை என்று லாரி சும்மா நின்றதாம், ஏழு மணிக்குத்தான் கிளம்பியதாம். நாலு மணிக்கு எழுப்பியிருந்தாலும் அதே ஏழு மணிக்குத்தான் கிளம்பியிருக்கும். ரெண்டே கால் மணி நேரத் தூக்கம். அதை அவரிடமிருந்து எடுத்தது யாரோ இல்லை. இதை இவள் யாரிடமும் சொல்லவில்லை.

மூணரை. கடிகாரத்தில் சின்ன முள்ளும் பெரிய முள்ளும் கண் முன்னால் நிற்கின்றன. சுகந்தி எழுந்து கட்டில் கால்மாட்டுக்குப் போனாள். மகி என்றாள். குரல் வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது. இன்னொரு தடவை மகி என்றாள், அதுவும் பக்கத்து அறைப் பூனைக்குக்கூடக் கேட்டிருக்காது. கை நீண்டது. போர்வைக்கு வெளியே அந்தக் கட்டைவிரல் இருக்கிறது, தட்டையாக, குறுக்கே அகன்ற நகத்தோடு. ரெண்டு விரற்கடை தூரம். இப்போது இவளை எழுப்பினால் இவள் மறுபடி தூங்கப் போவதில்லை, நாற்பத்தைந்து நாள் கணக்கெல்லாம் சும்மா, இந்த மத்தியானம் மாதிரி ஒரு தூக்கம் இனி இல்லை. எழுப்பாவிட்டால் ஒரு வருஷம் போய்விடும், ஆசை போய்விடும், எழுந்ததும் கொன்றுவிடுவாள். ரெண்டும் தெரிகிறது. ரெண்டில் எது சரி என்று அவளுக்குத் தெரியவே இல்லை, சத்தியமாகத் தெரியவில்லை. கை மட்டும் அங்கேயே நின்றது. மகி தூக்கத்தில் ஏதோ முனகிக்கொண்டு காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மூணு ஐம்பதுக்குப் போன் அடித்தது. சுகந்தி அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் போய்விட்டாள். மையத்திலிருந்து ஒரு பெண், இனிமையான குரல், கிளம்பிட்டீங்களா மேடம் என்றது. வெயிலில் கல் கொதித்தது, சுகந்தி செருப்பில்லாமல் நின்றாள்.

"புள்ள தூங்குதுங்க."

அந்தப் பெண் லேசாகச் சிரித்து, எழுப்பிக் கூட்டிட்டு வாங்க மேடம், இனி அதுக்குத் தூங்குற வேலையே இல்லையே என்றது. டாக்டர் காத்துட்டிருக்காரு என்றும் சொன்னது.

"நான் எழுப்ப மாட்டேங்க."

சொன்ன பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அந்தப் பெண் இடம் ரத்தாகிவிடும், பரீட்சைக்கு முன்னால் வேறு கிடைக்காது, யோசித்துச் சொல்லுங்கள் என்று என்னென்னவோ சொன்னது. ஆறு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை, சம்பந்தமே இல்லாத ஒரு பெண்ணிடம் போய் இறங்கியிருக்கிறது. உள்ளங்கால் சுட்டது. சுகந்தி உள்ளே வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மகி தானாக முழித்தபோது மணி ஐந்து பத்து. ஜன்னல் வெயில் சுவரில் மேலே ஏறியிருந்தது. அதைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கத்துவாள் என்று சுகந்தி எதிர்பார்த்தாள், அவள் கத்தவில்லை. சின்னக் குரலில், வேணும்னேதானே பண்ணினே என்றாள். ஆமாம் என்றாள் சுகந்தி. மகி கட்டிலிலிருந்து இறங்கி அந்தக் கவரை எடுத்து, கிழிக்கப் போகிறவள் மாதிரி பிடித்து, கிழிக்காமல் மேசையிலேயே போட்டாள். அம்மா தன் வருஷத்தைத் தின்றுவிட்டதாகச் சொன்னாள். தன்னைக் கேட்காமல் தனக்காக முடிவு பண்ண யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டாள். சுகந்தி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள், எல்லாம் உண்மையாகவே இருந்தது. கடைசியில், தூங்கியே செத்த மனுஷனோட பொண்டாட்டிதானே நீ, உனக்குக்கூடவாம்மா புத்தி வரலை என்றாள். சொன்னதும் அவளுக்கே முகம் மாறிவிட்டது.

"அவர் தூங்கிச் சாகல கண்ணு. தூங்க விடாம நான் எழுப்பி அனுப்புனேன்."

சுகந்தி சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்று பயந்திருந்தாள். அப்படி ஒன்றும் நீளமாக வரவில்லை. போன், இதோ எழுப்பிடறேங்க, கட்டைவிரல், பத்து நிமிஷம், சொம்புத் தண்ணீர், அந்தப் பார்வை, ஏழு மணி. அவ்வளவுதான். ஆறு வருஷம் சுமந்தது சொல்ல மூணு நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த தடவை இடம் கிடைக்கிறப்போ நீயா எந்திரிச்சு வா, நான் கையெழுத்துப் போடறேன், குறுக்கே நிக்க மாட்டேன், ஆனா என்னை எழுப்பச் சொல்லாதே, என் கை வராது என்று சேர்த்துச் சொன்னாள். மகி மேசையோரத்தில் நின்றுகொண்டே கேட்டாள். அப்புறம் அடுப்படிக்குப் போனாள், பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. ரெண்டு டம்ளரில் காபி போட்டுக் கொண்டுவந்தாள். ஒன்றை அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. இதுவரைக்கும் அப்பா கனவில் வந்ததாகத் தான் சொன்னதெல்லாம் பொய் என்றாள். தெரியும் என்றாள் சுகந்தி, உங்கப்பாவுக்கு எறால் ஆகாது. மகி டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு பேரும் பாதிக் காபி குடித்தார்கள். ஃபேன் கடக் என்றது.

"இன்னிக்கு வந்தாரும்மா."

சுகந்தி டம்ளரைக் கீழே வைத்தாள். என்ன கேட்டார் என்று வழக்கமாகக் கேட்கிற கேள்வி வாய்வரைக்கும் வந்தது, பயமாக இருந்தது, இருந்தாலும் கேட்டாள்.

"ஒண்ணுமே கேக்கல. தூங்கிட்டிருந்தாரு. எழுப்ப மனசு வரல, பக்கத்துலயே உக்காந்துட்டேன்."

இப்போது அவள் முகத்தைப் பார்த்தால் நிஜமா பொய்யா என்று தெரிந்துவிடும். பெற்றவளுக்குத் தெரியாதா? தெரியும். சுகந்தி பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் எதுவும் கேட்காமல் வந்தது இதுதான் முதல் தடவை. மேலே பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், தலையணையில் இன்னும் மகியின் தலை பதிந்த பள்ளம் இருந்தது.

"ஃபேன் ஓடுச்சா கண்ணு?"

"ஓடுச்சும்மா" என்றாள் மகி.